புதன்கிழமைப் பள்ளம்

சீசன் முடிந்த குற்றாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆனியிலும் ஆடியிலும் எண்ணெய்த் தலையும் ஈர வேட்டியுமாய் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு திரிந்த தெருவில், ஆவணி பாதி ஆனால் ஈ காக்கை இருக்காது. கடைக்காரர்கள் தட்டியை இழுத்துக் கட்டிவிட்டுத் தென்காசிக்குப் போய்விடுவார்கள். வாழைப்பழம் கொடுத்த கைகளெல்லாம் எங்கே போயின என்று குரங்குகள்கூட இரண்டு நாள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்தக் குற்றாலத்திலிருந்தும் இரண்டு மைல் தள்ளி, ஐந்தருவிப் பாதையில் இருந்தது திருநெல்வேலி வக்கீல் சங்கரநாராயண பிள்ளையின் பங்களா. அதற்குக் காவல் தளவாய். வக்கீல் குடும்பம் வருஷத்தில் நாற்பது நாள் வந்து குளித்து, தின்று, சீட்டாடிவிட்டுப் போகும். மிச்சம் முந்நூற்று இருபத்தைந்து நாளும் பூட்டின பங்களாவும் தளவாயும்தான். வீட்டைப் போட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது என்பது வக்கீல் உத்தரவு. திருநெல்வேலியில் இருந்துகொண்டு அவர் வந்து பார்க்கப் போகிறாரா என்ன? ஆனாலும் தளவாய் தங்கமாட்டான். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட சாதி மனுஷன், அதனால் வந்த வினைதான் பாதி.

தளவாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. பெண்டாட்டி செத்து எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் குருவம்மாளைக் கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்திருந்தான். அவள் வருஷத்துக்கு ஒரு தடவை அப்பனைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வருவாள். வருவதென்னவோ அருவி நன்றாக விழுகிற சமயமாகப் பார்த்துத்தான். பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு பொழுது சாயுமுன் போய்விடுவாள்.

ஒரு ஐப்பசியில் பதினோரு நாள் மழை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் அரிசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போன தளவாய், கடைக்காரனிடம் 'ரெண்டு படி' என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தான். கடைசியில் விரலைக் காட்டித்தான் வாங்கினான். பதினோரு நாளாய் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுகையாய் வந்தது அவனுக்கு.

பேச ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? பார்ப்பான். தளவாய் பார்த்ததெல்லாம் வேட்டை. அந்த மலையடிவாரத்தில் விடிந்தால் அடைந்தால் யாராவது யாரையாவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். பாக்கு மரத்துக்கும் பலா மரத்துக்கும் குறுக்கே மஞ்சள் நூலில் வலை கட்டிவிட்டு, நடுவில் ஒரு காலை மட்டும் நூலின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிலந்தி. தும்பி வந்து மாட்டினால் உடனே ஓடாது. நூல் எவ்வளவு ஆடுகிறது என்று அந்தக் காலாலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஓடையில் கொக்கு ஒரு நாழிகை அசையாமல் நிற்கும், மீன் அதன் காலை நாணல் தண்டு என்று நம்புகிறவரைக்கும். பச்சோந்தி ஒரு கண்ணால் பூச்சியைப் பார்க்கும்போதே மறு கண்ணால் தளவாயைப் பார்க்கும். இரண்டு கண்ணும் பூச்சிமேல் சேர்ந்த மறுநொடி அந்தப் பூச்சி இருக்காது, நாக்கு போனதும் தெரியாது வந்ததும் தெரியாது.

ஒருநாள் செந்நாய்க்கூட்டம் ஒன்று மிளாவைத் துரத்தி வந்தது. மிளா என்றால் குதிரை உயரம் இருக்கிற மான். நாய்கள் குரைக்கவே இல்லை, சீட்டி அடித்தன. முன்னால் ஓடினது களைத்ததும் பின்னால் வந்தது முன்னே போயிற்று. தளவாயின் கண்ணெதிரே மிளாவை ஆற்றில் இறக்கி நிறுத்தி, இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொண்டன. மலைப்பாம்பின் வழி வேறே. சருகுமான் தினமும் எந்தப் புதர் ஓரமாய்த் தண்ணீருக்குப் போகிறதோ அந்தப் புதர் ஓரமாய் ஒரு வாரம் சருகோடு சருகாய்க் கிடக்கும். பசி என்கிற ஒன்று அதற்கு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

சிறுத்தையைத் தளவாய் பார்த்ததில்லை. அது செய்ததைத்தான் பார்த்தான். பங்களாவில் ஒரு நாய் இருந்தது. ஒருநாள் அந்தியில் அடுப்புக்குச் சுள்ளி எடுக்கப் போய்விட்டு வருவதற்குள் இல்லை. பிறகு தேடினால், வண்டிக்கொட்டகைக்குப் பின்னால் புல் அமுங்கிக் கிடந்தது. பழைய அமுக்கல், புது அமுக்கல் என்று மூன்று நாலு நாள் வந்து படுத்த தடம். நாய் எப்போது எங்கே படுக்கிறது, ஆள் எப்போது நகர்கிறான் என்று எல்லாவற்றையும் பார்த்துவைத்திருக்கிறது. காவல்காரனையே காவல் இருந்திருக்கிறது பாருங்கள். தளவாய்க்குக் கோபம் வந்தது, கோபத்துக்கு நடுவே வெட்கமும் வந்தது. அதற்கப்புறம் நாயும் இல்லை.

நாய் போன பிறகுதான் அவனுக்கு அந்தப் புத்தி தோன்றியது. இத்தனை பிராணிகள் தங்களுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு வேண்டியது ஒரு பேச்சுத்துணை, அதைப் பிடிக்க எனக்கு வழி தெரியவில்லையே என்று.

கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் ஆயிற்று, இதற்கு என்ன வழி என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது சுலபம். தளவாய் காவல்காரக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பனும் பாட்டனும் களத்துமேட்டில் தனியாகவே கிடந்து செத்தவர்கள். அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருத்தன் 'எனக்குத் துணையில்லை, கொஞ்சம் உட்காரும்' என்று வாய்விட்டுச் சொல்வது, கோவணத்தோடு கடைத்தெருவில் நிற்கிற மாதிரி. அவனுக்குப் பழகின ஒரே கேள்வி 'யாரது, நில்லு' என்பதுதான்.

அதைத்தான் முதலில் செய்தும் பார்த்தான். விறகு பொறுக்கிக்கொண்டு போன மூன்று பெண்பிள்ளைகளை விரட்டிக்கொண்டு ஓடி, செந்நாய் மாதிரி வளைத்து, 'நில்லு' என்றான். இலஞ்சியில் மழை எப்படி என்று கேட்கத்தான் ஓடினான் பாவம். அவர்கள் கட்டைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம். மூன்று விறகுக்கட்டுகளையும் சுமந்துவந்து வாசலில் வைத்துக்கொண்டு பத்து நாள் பார்த்தான், ஒருத்தியும் கேட்டு வரவில்லை. அடுத்து கொக்கு மாதிரி, வாசலுக்கு எதிரே ஓடைமேல் இருந்த பாலத்துக்கட்டையில் அசையாமல் உட்கார்ந்தான். அந்த வழியாய் வந்த காட்டிலாகாச் சேவகன், "என்னவே, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமலே போனான். பிறகு சிலந்தி வழி. கதவோரம் முக்காலி போட்டு, புதுப்பானையில் குடிதண்ணீர் வைத்து, மேலே ஓலை வேய்ந்தான். குற்றாலத்தில், அதுவும் மழைக்காலத்தில், தண்ணீர்ப்பந்தல் வைத்த ஆள் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

இந்த நிலையில்தான் மைதீன் வண்டி இறங்கியது.

மைதீன் தென்காசிக்காரன், முப்பத்தைந்து வயது. சொந்த வண்டி, சொந்த மாடு. மயிலை ஒன்று, செவலை ஒன்று. புதன்கிழமை தோறும் காலையில் அரிசியும் சீமை எண்ணெயும் ஏற்றிக்கொண்டு மேலே இருக்கிற எஸ்டேட்டுக்குப் போவான், மத்தியானம் கிராம்பு, சாதிக்காய், மிளகு மூட்டைகளோடு இறங்குவான். தளவாய் வருஷக்கணக்காய் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறான். மைதீன் தலையை ஆட்டுவான், இவனும் ஆட்டுவான், அவ்வளவுதான். அந்தப் புரட்டாசிப் புதன்கிழமை, மழை அறுத்துவிட்ட இடத்தில், பங்களா வாசலுக்கு நேரே, இடது சக்கரம் இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் தோள் குடுக்கியளா? சக்கரம் எறங்கிட்டு."

தளவாய் தோள் கொடுத்தான். வண்டி ஏறிற்று. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தவனை மைதீன் தடுத்தான்.

"எங்க போறிய? உக்காருங்க. கை குடுத்த ஆளோட உக்காந்து வெத்தலை போடாம வண்டியக் கெளப்பப்படாது. அடுத்த மைலுக்குள்ள அச்சு முறிஞ்சிரும். எங்க வாப்பா காலத்துலேர்ந்து மலைவண்டிக்காரனுக்கு இதான் வழக்கம்."

பாலத்துக்கட்டையில் உட்கார்ந்தார்கள். மைதீன் வெற்றிலைப் பையை அவிழ்த்தான். தென்காசியில் கொட்டகை போட்டுப் பேசும் படம் காட்டுகிறார்கள் என்றான். படத்தில் அழுகிறவளைப் பார்த்து எதிரே உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்க்கவே காசு கொடுக்கலாம் என்றான். தன் பெண்டாட்டி ஹைருன் பீவி, நீ வண்டியில் தூங்குகிறாய், மாடுதான் வண்டி ஓட்டுகிறது, கூலியை மாட்டிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதைச் சொல்லிச் சிரித்தான். தளவாய் செந்நாய்க் கதையைச் சொன்னான். மைதீன் வெற்றிலையை மெல்ல மறந்து கேட்டான். வெயில் பாலத்தைத் தாண்டிப் போனபோதுதான் ஒன்றரை மணி நேரம் போனது தெரிந்தது. அன்றைக்கு அடுப்பு மூட்டும்போது தளவாய் தன்னையறியாமல் ஏதோ பாட்டை முனகினான். எட்டு வருஷமாய் அந்த வீட்டில் யாரும் முனகினதில்லை.

மறுவாரம் ரோட்டு ஆட்கள் வந்து ஜல்லி கொட்டிப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். புதன்கிழமை மைதீனின் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. "வாரேன் அண்ணாச்சி" என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். வெற்றிலை இடித்து, முற்றம் கூட்டி, வேட்டி மாற்றி நின்றிருந்த தளவாய் வண்டி வளைவில் மறைகிறவரைக்கும் நின்றான். ரோட்டு ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினான், அவர்கள் காதில் விழாத தூரத்தில் இருந்துகொண்டு.

சாரல் எட்டாத வண்டிக்கொட்டகையின் மூலையில் பொடி மண். அதில் குழியானைகள் இருந்தன. சுண்டுவிரல் நகம் அளவு பூச்சி. பின்பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி நடந்து மண்ணில் புனல் மாதிரி குழி பறித்துவிட்டு, அடியில் கொடுக்கு மட்டும் தெரிய ஒளிந்துகொள்ளும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும். ஏறப் பார்த்தால் கீழேயிருந்து மண்ணை வாரி அடித்து இன்னும் சரியவைக்கும். ஓடுவதில்லை, தேடுவதில்லை. வழியில் ஒரு குழி, அதில் பொறுமையாய் ஓர் ஆள். தளவாய் அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதன் எதிரே குந்தியிருந்து பார்த்தான். பிறகு எழுந்து போய் மண்வெட்டியை எடுத்துப் பார்த்தான், பிடி ஆடுகிறதா என்று.

அடுத்த புதன்கிழமை, மைதீன் வண்டி மேலே போன பிறகு, பழைய இடத்திலேயே ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டினான். வெட்டிவிட்டுக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டான். வாசலில் நின்றால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். மத்தியானம் வண்டி வந்தது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது அந்தக் குரல்.

"அண்ணாச்சி, சக்கரம் எறங்கிட்டு. வாரியளா?"

"மழைத்தண்ணி அறுக்குது மைதீன்" என்று சொல்லிக்கொண்டே தளவாய் வந்தான். "ரோட்டு ஆளுவ வேலை அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றான் மைதீன்.

தோள் கொடுத்தார்கள், வெற்றிலை போட்டார்கள், பேசினார்கள். வண்டி போனதும் தளவாய் பள்ளத்தை மூடிக் கெட்டிப்படுத்தினான். வேறு யார் வண்டியும் இறங்கிவிடக் கூடாதே. குழியானைக்கு எந்த எறும்பானாலும் சரி. இவனுக்கு மைதீன்தான் வேண்டும்.

இப்படியே எட்டுப் புதன். வெட்டுவதும் மூடுவதுமாய் எட்டு வாரம் அந்த மனுஷன் வாழ்ந்ததுதான் வாழ்வு. திங்கள்கிழமை வெற்றிலைக் கொடியைப் பார்த்து வைப்பான். செவ்வாய்க்கிழமை என்ன பேசுவது என்று யோசித்து வைப்பான். மைதீனுக்குப் பிடிக்கிற கதைகள் வேட்டைக் கதைகள்தான். மலைப்பாம்பு சருகுமானை விழுங்கிவிட்டு நகர முடியாமல் நாலு நாள் ஊர்க்காரர்கள் பார்க்கக் கிடந்ததைக் கேட்டுவிட்டு, கல்யாண வீட்டில் தன் மச்சினன் மூசாவும் இப்படித்தான் என்றான். மூசாவுக்குத் தென்காசியில் இறைச்சிக்கடை. ஒருநாள் மைதீன் கேட்டான்.

"இத்தனையும் பாத்திருக்கியளே. இதுல ஆகக் கெட்டிக்காரன் எது?"

தளவாய் கொஞ்சம் தடுமாறினான். "கொக்கு" என்றான்.

"நான் குழியானையச் சொல்லுவியன்னு நெனச்சேன்" என்றான் மைதீன். சொல்லிவிட்டு, செவலையின் திமிலைத் தட்டிக்கொடுத்து வண்டியில் ஏறிக்கொண்டான். தளவாய்க்கு அன்று ராச்சோறு இறங்கவில்லை. பிறகு, எல்லாம் நம் மனசுதான், அவன் சும்மா சொன்னது என்று சமாதானம் செய்துகொண்டான்.

கார்த்திகையில் நோன்பு பிடித்தது. மைதீன் நோன்பில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான், வெற்றிலை எப்படிப் போடுவான்? முதல் புதன்கிழமை சக்கரத்தை ஏற்றினதும் வழக்கத்துக்காகப் பாலத்துக்கட்டையில் உட்கார்ந்து, வெற்றிலையைத் தளவாய் கையில் மட்டும் கொடுத்தான்.

"எனக்குச் சேத்து நீங்க போடுங்க. வெயில் தாழுமுன்ன நான் வீட்டுக்குப் போவணும். நோன்பு தொறக்க பிள்ளைகள்லாம் எனக்காவ உக்காந்திருக்கும்."

கால் மணி நேரம்கூட இல்லை, கிளம்பிவிட்டான். இரண்டாம் புதன்கிழமையும் அதே கதை. உட்கார்ந்தான் என்று பேர், எழுந்துவிட்டான். "பெருநா கழியட்டும், விட்டதுக்கெல்லாம் சேத்துப் பேசுவோம்" என்றான். காது இருக்கிறவனுக்கு அது போதும். தளவாய்க்கு அந்த நேரத்தில் காது எங்கே இருந்தது? தான் வெட்டின பள்ளம் சின்னதாகிவிட்டது என்றுதான் அவனுக்குப் பட்டது. சாண் ஆழத்துக் குழியிலிருந்து எறும்பு சட்டென்று ஏறிவிடுகிறது. ஆழமாக இருந்தால்? ஒரு மணி நேரம் தள்ளினாலும் ஏறாத ஆழமாக இருந்தால்? அந்த ஒரு மணி நேரமும் மைதீன் இங்கேதானே இருப்பான். ஒரு வாரம் பூராவும் இதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். பெருநாள் இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லத்தான் செய்தது. தனியாகவே கிடந்தவனுக்கு இரண்டு வாரம் என்பது நமக்கு இருக்கிற இரண்டு வாரம் இல்லை.

மூன்றாம் புதன்கிழமை வண்டி மேலே போனதும் வெட்ட ஆரம்பித்தான். முழங்கால் ஆழம். பழைய இடத்தில் கல் கிடந்து மண்வெட்டி இறங்கவில்லை, அதனால் இரண்டடி உள்ளே தள்ளி, பாதையின் நடுவை ஒட்டி வெட்டினான். இத்தனை பெரிய பள்ளத்தைப் பார்த்தால் மைதீன் ஒதுங்கிப் போய்விடுவானே என்று மேலே சுள்ளி பரப்பி, வாழைச்சருகு போட்டு, அதன்மேல் மண்ணைத் தூவி, ஈரக்கையால் தடவியும் விட்டான். பார்க்கிறதற்கு ரோடு மாதிரியே இருந்தது. வண்டி ஓட்டினவனாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். சக்கரம் போகிற தடம் வேறு, மாட்டின் கால் போகிற தடம் வேறு. தளவாய் வண்டி ஓட்டினவன் இல்லை.

கொட்டகையில் குந்தியிருந்தான். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மணிச்சத்தம் கேட்டது. மைதீன் ஏதோ மாட்டோடு பேசிக்கொண்டு வருவதும் கேட்டது. சக்கரம் இறங்குகிற 'தடக்' சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்த தளவாய்க்குக் கேட்டது வேறு. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பின்னாலேயே மாடு அலறினது.

ஓடிப்போய்ப் பார்த்தால் செவலை முன்னங்கால் பள்ளத்தில் போய், மூட்டைப் பாரமெல்லாம் சரிவில் முன்தள்ள, முகம் குப்புறக் கிடந்தது. மயிலை நுகத்தடியோடு இழுபட்டுக் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. மைதீன் குதித்து இறங்கிப் பூட்டாங்கயிற்றைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். கயிறு சீக்கிரம் அறவில்லை. இரண்டு பேருமாய் நுகத்தைத் தூக்கி, செவலையை இழுத்து ஓரத்தில் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே, மூட்டு இல்லாத இடத்தில் கால் மடங்கியிருந்தது.

"இலஞ்சியில வைத்தியர் இருக்காரு. ஓடிப்போய்க் கூட்டிட்டு வரட்டா?" என்றான் தளவாய்.

"மாட்டுக்குக் கால் ஒடிஞ்சா வைத்தியம் ஏது அண்ணாச்சி."

அப்படியே செவலையின் தலைமாட்டில் மைதீன் உட்கார்ந்துவிட்டான். அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். தளவாய் எதிரே குந்தினான். தூறல் விழுந்தது, இரண்டு பேரும் நகரவில்லை. வேறு வண்டி ஏதாவது வந்தால்தான் மூட்டையை இறக்க முடியும். வண்டி வருகிற வழியாய்த் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. மைதீன் அந்த இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தளவாய் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது, இல்லையா? கிடைத்ததை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் பட்ட பாட்டை எதிரிக்குக்கூட நான் வேண்டிக்கொள்ளமாட்டேன்.

மலைக்குப் பின்னால் பொழுது இறங்கியது. தளவாய் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மைதீன் முதலில் கையில் ஊற்றிச் செவலையின் வாயை நனைத்தான். பிறகு வானத்தைப் பார்த்து, உதட்டுக்குள் எதையோ ஓதி, மிச்சத்தைக் குடித்தான். அதுதான் அன்றைய நோன்பு திறப்பு.

சும்மா இருக்க முடியாமல் தளவாய் வாயைத் திறந்தான். பழகின பொய்தான் முதலில் வந்தது.

"மழைத்தண்ணி அறுத்திருக்கும்..."

மைதீன் செம்பைக் கீழே வைத்தான்.

"காலைல மேல போவேல பள்ளம் இருக்காது. எறங்கி வரேல இருக்கும். கரையெல்லாம் மம்பட்டி வச்சு வெட்டுன மாதிரி இருக்கும். எட்டு வாரத்துக்கு மேல பாக்குதேன். நான் என்ன குருடனா அண்ணாச்சி?"

தளவாய் செம்பை எடுத்து மறுபடி கீழே வைத்தான். "தெரிஞ்சா... பொறவு ஏன் எறக்குன?" என்றான்.

"வெலகிப் போவ ஒரு மொழம் எடம் இருந்துச்சு. நாந்தான் கீழ எறங்கி, செவலைய மூக்கணாங்கயத்தப் பிடிச்சு, நோவாம, மெள்ளச் சக்கரத்த எறக்குவேன். எறக்கிட்டுத்தான் உங்களக் கூப்பிடுவேன். மனுசன் பேச்சுக்கு ஆளில்லாமக் கெடக்காரு, நமக்கும் நாள் பூரா ஒத்தையிலதான போக்கும் வரத்தும்னு." செவலையின் காதைத் தடவினான். "இன்னைக்கு வந்து பாக்கேன், பள்ளத்தக் காணோம். நோன்பு நேரம், வீட்டுக்குப் போவட்டும்னு எனக்காவ விட்டுட்டிய போலுக்குன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு அண்ணாச்சி. மாட்டுக்கிட்டகூடச் சொன்னேன். கீழ எறங்காம ஓட்டிட்டு வந்துட்டேன்."

தளவாய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காரு மைதீன்னு ஒரு வார்த்தை" என்றான் மைதீன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உக்காந்திருப்பேம்லா. பள்ளம் எதுக்கு?"

வெளிச்சம் கொஞ்சம் இருக்கும்போதே விறகுவண்டிச் செல்லப்பா வந்து சேர்ந்தான். நடந்ததை மைதீன் இரண்டு சொல்லில் சொன்னான், பள்ளத்தில் கால் போயிட்டு என்று. யார் வெட்டின பள்ளம் என்று சொல்லவில்லை. செல்லப்பா தன் வண்டியைப் பங்களா வாசலில் அவிழ்த்துப் போட்டுவிட்டு, தன் மாட்டை மயிலையோடு கூட்டிப் பூட்டினான். மூன்று பேரும் தோள் கொடுத்து வண்டியை நகர்த்தினார்கள். மைதீன் வெற்றிலைப் பையை எடுத்துச் செல்லப்பாவுக்குக் கொடுத்தான். ஒரு கணம் நின்றான், தளவாய்க்கும் ஒன்று எடுத்து நீட்டினான். அடிப்பதாக இருந்தால் அடித்திருக்கலாம். தளவாய் அந்த வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானே ஒழிய வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"காலைல மூசாவ அனுப்புதேன்" என்றான் மைதீன், செவலையைப் பார்க்காமல். "அதுவரைக்கும் நாயி நரி அண்டாமப் பாத்துக்கிடுங்க. உசுரோட இருக்கு."

வண்டி அசைந்தது. அப்போதுதான் தளவாய்க்கு வாய் வந்தது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டான், வண்டியின் பக்கத்தில் நடந்துகொண்டே.

"அடுத்த புதன்கிழமை வருவியா மைதீனு? சும்மா... உக்காந்து பேசிட்டுப் போவ. நான் கேக்குதேன். வருவியா?"

மைதீன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தளவாய் தாங்கிக்கொண்டிருப்பான். கோபமே இல்லை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்வது என்று விளங்காமல், இவனிடமாவது ஒரு யோசனை இருக்குமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"எதுல வர, அண்ணாச்சி?"